பிலோமினா ஓடினாள், தாரகா தேறினாள்

காலை நாலரை மணிக்குக் காசிமேட்டில் கண் விழித்து நிற்பவர்கள் இரண்டே வகை. மீனோடு வருபவர்கள், மீனுக்காக வருபவர்கள். பிலோமினா இரண்டிலும் சேர்த்தியில்லை. அவள் ஓட வருபவள். ஓடுவதும் தனக்காக இல்லை.

கழுத்து முதல் கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிய சாம்பல் நிறச் சட்டை. அதன்மேல் ஒரு பழைய டீ-ஷர்ட். துறைமுக வாசலில் கிளம்பி, கடலோரமாகவே திருவொற்றியூர் வரை போய்த் திரும்பினால் ஒன்பது கிலோமீட்டர். முதல் மூன்றில் வாயைத் திறக்கக் கூடாது, மூக்கில்தான் மூச்சு. நடு மூன்றில் நூறடி பாய்ச்சல், நூறடி நடை. கடைசி மூன்றில் இரண்டு கையிலும் ஒவ்வொரு கிலோ இரும்பு. திரும்பி வரும்போது முனாஃப் மாஸ்டரின் கொட்டகையில் விளக்கு எரியும்.

அந்தக் காலத்தில் வலை பின்னிய கொட்டகை அது. தகரக் கூரை, நடுவில் கயிறு கட்டிய மேடை, மூலையில் லாரித் தார்ப்பாயில் தைத்துக் கிழிந்த வலையும் மரத்தூளும் அடைத்த குத்து மூட்டை. பதினைந்து நிமிடம் ஸ்கிப்பிங். கண்ணாடி முன் நின்று காற்றோடு சண்டை. பிறகு மாஸ்டர் கையுறை அட்டையைப் பிடிக்க, அதில் ஆறு ரவுண்டு. மூட்டையில் எட்டு ரவுண்டு. பிறகு லாரி டயரைப் புரட்ட வேண்டும். மல்லாந்து படுக்க வேண்டும், மாஸ்டர் ஐந்து கிலோ பந்தை வயிற்றின் மேல் போடுவார். நூறு முறை போடுவார். போடும்போது தன் வீட்டுப் பிரச்சினையைச் சொல்வார். எது அதிகம் வலிக்கிறது என்று பிலோமினாவால் சொல்ல முடியாது. கடைசியில், மீன் வைக்கிற தொட்டியில் ஐஸ் கொட்டி அதில் இடுப்பு வரை பத்து நிமிடம். மாலையில் ஆள் வைத்துச் சண்டை, ஆறு ரவுண்டு. ஞாயிறு மட்டும் ஓட்டம் கிடையாது, பூசை உண்டு.

கொட்டகையில் மணி ஒன்று இருந்தது. உப்புக் காற்றில் துருவேறி நாக்கு விழுந்துவிட்டது. மாஸ்டர், உடைக்கப் போட்ட விசைப்படகு ஒன்றின் பித்தளைக் காற்று ஹாரனைக் கழற்றி வந்தார். அதை அமுக்குவது ரெஜினாக்காவின் பொறுப்பு. கொட்டகை வாசலில்தான் அவள் மீன் பலகை. ரவுண்டு தொடங்க மாஸ்டரின் ஒரு "ம்" போதும். முடிய ரெஜினாக்கா வேண்டும். ஒரு கையில் வஞ்சிரம் வெட்டுகிற கத்தி, மறு கையில் ஹாரன், கண் மட்டும் கடிகாரத்தில். சரியாக இரண்டாவது நிமிடம், "ப்பாம்ம்."

அந்த நொடியில் பிலோமினாவின் கைகள் தொடைக்கு வந்துவிடும். பாதிக் குத்தில் இருந்தாலும் வந்துவிடும். வேறு பயிற்சிக் கூடங்களில் இதற்குத் திட்டு விழும். முனாஃப் மாஸ்டர் திட்டமாட்டார். அவர் இருபது வருடம் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். பிலோமினா ஏழு வருடம் ஐஸ் பாளம் தூக்கியவள். சங்கு ஊதினால் பாரத்தை இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நொடி தூக்கினாலும் அது முதலாளிக்கு இனாம்.

"ரெஸ்ட்டுன்னா ரெஸ்ட்டு," என்பார் மாஸ்டர். "கைய தூக்கிகினே நின்னா அதுக்குப் பேரு இன்னா ரெஸ்ட்டு?"

"ஏம்மா, அந்தச் சட்டைக்குள்ள இன்னாதான் கீது?" என்று ரெஜினாக்கா ஒருநாள் கேட்டாள். கேட்டது வெண்ணிலாவை. அந்தச் சட்டையைச் செய்த கம்பெனியின் தொழில்நுட்பப் பெண், விழுப்புரம் பக்கம். சட்டையில் பதிந்ததை ஒரு சின்னப் பெட்டியில் தினமும் இறக்கி எடுத்துப் போவது அவள் வேலை.

"ரோஜாச் செடி பதியம் போடுவாங்கல்லக்கா, அது மாதிரிதான். பிலோக்கா உடம்பு என்னென்ன கத்துக்குதோ, எந்த நரம்பு எப்ப இழுக்குது, மூச்சு எப்படி அடங்குது, எல்லாத்தையும் இந்தச் சட்டை எழுதிக்கும். தாரகா மேடம் தூங்கறப்ப இதே மாதிரி ஒண்ணு போட்டுப்பாங்க. அது அவங்க உடம்புல அப்படியே எழுதிடும். தூங்கி எழுந்தா ஒரு நாள் பயிற்சி ஏறியிருக்கும்."

"தூங்கிகினே இருந்தாவா?"

"தூங்கிக்கிட்டேதான்."

"அப்போ சோறு?"

"சோறு மட்டும் அவங்களே சாப்பிடணும்."

"அய்ய, பாவம். அதையும் நம்ம பிலோ கைல குட்த்திருந்தா அம்சமா செஞ்சிருப்பாளே."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "களைப்பு?" என்றார்.

"களைப்பு அவங்களுக்குப் போகாது மாஸ்டர். அது வேஸ்ட்டுன்னு வடிகட்டிடுவோம்."

"வேஸ்ட்டு எல்லாம் இங்கயே தங்கிடும்," என்றாள் பிலோமினா ஐஸ் தொட்டியில் இருந்தபடி. "நான் தான் குப்பத் தொட்டி. பாத்துப் பேசுங்க, உள்ளதான் குந்திகினு கீறேன்."

தாரகா பெரிய கட்டட முதலாளியின் மகள். ஐம்பத்தேழு கிலோ எடையில் பதினொரு சண்டை, பதினொன்றும் வெற்றி. அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. மேல் வரிசையில் சண்டை போடுகிற எல்லாருக்கும் இப்போது எங்கோ ஓர் ஊரில் ஓர் ஆள் ஓடிக்கொண்டிருந்தான், அல்லது ஓடிக்கொண்டிருந்தாள். மேடையில் வாங்குகிற அடி மட்டும் சொந்தம்.

பிலோமினாவும் குத்துச்சண்டைக்காரிதான். ஐஸ் கம்பெனியில் தூக்குவதற்கு இயந்திரம் வந்த வருடம் வேலை போயிற்று. தொழில்முறை உரிமத்துக்கு மனுப் போட இருந்த நேரத்தில்தான் சட்டைக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு வருட ஒப்பந்தம், மாதாமாதம் சம்பளம். கையெழுத்துப் போட்டாள். போட்ட பிறகுதான் குத்துச்சண்டை வாரியத்தின் விதி தெரிந்தது. ஓர் உடம்பின் பயிற்சிக்கு ஓர் உரிமம்தான். தாரகா அந்தப் பயிற்சியில் சண்டை போடும்வரை பிலோமினா மேடையேற முடியாது. சரி, இரண்டு வருடம்தானே என்று இருந்தாள். அந்த இரண்டு வருடம் இந்த மாதத்தோடு முடிகிறது. முடிகிற வாரத்தில்தான் தாரகாவுக்குப் பட்டச் சண்டை. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தாரகா பட்டம் வென்றால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் இரண்டு வருடம் நீளும்.

பிலோமினாவுக்கு வயது இருபத்தெட்டு. முப்பது ஆகிவிட்டால் முதல் உரிமம் தரமாட்டார்கள்.

ஆகவே கணக்கு எளிது. அவள் ஜெயித்தால் இவள் முடிந்தாள்.

சண்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது மாஸ்டரே பேச்சை எடுத்தார். "பிலோ, நான் ஒண்ணும் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு பத்து நாளு கொஞ்சம் சோம்பிக் கெட. மூட்டய தடவிக் குடு, போதும். அந்தப் பொண்ணு தானா தோத்துடும்."

வெண்ணிலா பெட்டியைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

மறுநாள் பிலோமினா தீர்மானமாகத்தான் கிளம்பினாள். இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தாள். டீ சொன்னாள். பன் சொன்னாள். கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா, தெனமும் ரயில் மாரி போவ. உடம்பு சரியில்லயா?"

"நல்லாதான் கீது."

"அப்பறம் இன்னாத்துக்கு குந்திகினு கீற?"

கால் இரண்டும் மேசைக்கு அடியில் தாமாகவே ஆடிக்கொண்டிருந்தன. பன் பாதி இருக்கும்போது எழுந்து ஓடினாள். உட்கார்ந்த நேரத்துக்குப் பிராயச்சித்தமாக எண்ணூர் பக்கம் வரை போய்த் திரும்பினாள். பதினாறு கிலோமீட்டர்.

"சோம்பிக் கெடன்னா எக்ஸ்ட்ரா ஓடிட்டு வர்றியா?" மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"நான் இன்னா பண்ணட்டும் மாஸ்டர். வேலய கெடுக்கறதுன்னா அதுக்கும் ஒரு பழக்கம் வேணும். எனக்கு அது இல்ல."

"அக்கா உடம்புல எதையும் பிரிக்க முடியாது மாஸ்டர்," என்றாள் வெண்ணிலா. "போன மாசம், எடது தோள் கொஞ்சம் சாயுதுன்னு கம்பெனில சொன்னாங்க. ஐஸ் தூக்கின சாய்வு. அதை வடிகட்டினேன். மறுநாள் தாரகா மேடத்தோட எடது கைக் குத்தே காணாமப் போச்சு. அந்தக் குத்து அந்தச் சாய்வுலதான் இருந்திருக்கு. பயந்து போயி திருப்பிப் போட்டேன். அதுலேர்ந்து நான் எதையும் தொடறதில்ல. அக்கா எப்படியோ அவங்க அப்படியே."

சண்டை நகரத்தின் உள்விளையாட்டு அரங்கில், சனிக்கிழமை மாலை. கம்பெனி பிலோமினாவுக்கும் வெண்ணிலாவுக்கும் மேடை ஓரத்தில் இடம் கொடுத்திருந்தது. கம்பெனி கொடுக்காமலே காசிமேட்டில் இருந்து நாற்பது பேர் மேல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். தலைமை ரெஜினாக்கா. அவர்களுக்கு உரிமம், ஒப்பந்தம், கடைசிப் பக்கம் எதுவும் தெரியாது. மாஸ்டரும் பிலோமினாவும் அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். மேடையில் சண்டை போடப்போவது நம்ம பிலோவின் உடம்பு. நம்ம உடம்பு ஜெயிக்க வேண்டும்.

ரெஜினாக்கா மடியில் ஒரு மீன் கூடை. வாசலில் காவலாளி அதைத் திறக்கக் குனிந்தவர், வாடை தாங்காமல் நிமிர்ந்து உள்ளே போகச் சொல்லிவிட்டார்.

எதிரி ஹரியானாக்காரி. உயரம், நீளக் கை. முதல் ரவுண்டு அவள் பக்கம். இரண்டாவதில் இருந்து தாரகா உள்ளே புகுந்தாள். மூக்கால் மூச்சு, தோள் சாய்ந்து எழும் இடது குத்து, கயிற்றோரமாக நழுவும் கால். பிலோமினா தன்னையே வெளியில் இருந்து பார்த்தாள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் இல்லை. கண்ணாடியில் இடம் வலம் மாறும். இது அப்படியே அவள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முஷ்டி இரண்டையும் கன்னத்துக்குத் தூக்கி, தாரகா குத்தும்போதெல்லாம் இவளும் அரை அங்குலம் குத்தினாள்.

"சூப்பர்க்கா," என்றாள் வெண்ணிலா. உடனே ஒப்பந்தம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாவது ரவுண்டு. ஹரியானாக்காரி வாய் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டாள். ஆளுக்கு ஆள் எழுந்து நின்று கத்தினார்கள். பறை, விசில், கைத்தட்டல். பிலோமினா பெருமை தாங்காமல் மேல் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். ரெஜினாக்கா கூடையில் இருந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். துணி விலகியது. பித்தளை மின்னியது.

பிலோமினாவுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் புரிந்துவிட்டது. வாய் திறந்தால் போதும். ரெஜினாக்கா நாற்பது அடி தூரத்தில்தான் இருந்தாள், காசிமேட்டுத் தொண்டைக்கு நாற்பது அடி ஒரு தூரமே இல்லை.

ஒரு நொடி, அவள் கத்தவில்லை.

அடுத்த நொடி, "யக்கா, வாணாம்!" என்று அரங்கமே திரும்ப அலறினாள். ரெஜினாக்கா அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு கையாட்டினாள், அமுக்கினாள்.

"ப்பாம்ம்."

மேடையில் தாரகாவின் கைகள் தொடைக்கு இறங்கின. பாதிக் குத்தில் இருந்து இறங்கின. முகத்தில் ஒரு நிம்மதிகூட வந்தது. தண்ணீருக்காக வாய் திறந்தது. ஹரியானாக்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கும்வரை காத்திருக்க அவள் முட்டாள் இல்லை. வலது கை நேராக வந்தது.

வெண்ணிலா மேடையைப் பார்க்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். பிலோமினாவின் கைகளும் தொடையில்தான் கிடந்தன.

விழுந்த தாரகா, நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்தாள். எழுந்து நின்று கடைசி ரவுண்டு வரை போட்டாள். ஆனால் அந்த அடிக்குப் பிறகு கால் பழைய கால் இல்லை. புள்ளியில் தோற்றாள்.

ரெஜினாக்கா மூன்று நாள் மீன் விற்கவில்லை. "நம்ம பொண்ணுன்னு ஒரு ஆசையில அட்சேன் பிலோ," என்று அழுதாள். பிலோமினா ஒப்பந்தத்தில் இருந்து வெளியே வந்துவிட்டாள், உரிமத்துக்கு மனுப் போடலாம் என்று மாஸ்டர் விளக்கியதும் அழுகையை நிறுத்தி, "அப்ப நான் நல்லதுதான் செஞ்சனா?" என்று கேட்டாள். பிலோமினாவின் முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் அழுதாள். மாஸ்டர் ஹாரனைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டுப் புது மணி வாங்கி மாட்டினார்.

எட்டாம் நாள் காலை நாலரைக்குத் துறைமுக வாசலில் ஒரு கார் நின்றது. தாரகா இறங்கினாள். இடது கண்ணுக்குக் கீழே இன்னும் மஞ்சள். சட்டை இல்லை, சாதாரண ஷார்ட்ஸ், பனியன்.

"அப்பா வேற ஆள் பாத்துட்டார். வேணாம்னுட்டேன்," என்றாள். "இன்னிக்கு நான் ஓடறேன். வழி காட்டு."

"வழி உன் காலுக்கே தெரியும்," என்றாள் பிலோமினா.

தெரிந்திருந்தது. எங்கே பள்ளம், எங்கே நாய், எங்கே தண்ணீர்க் குழாயைத் தாண்ட வேண்டும் என்று ஒருநாளும் பார்க்காத சாலையில் தாரகா பிசகாமல் ஓடினாள். நான்காவது கிலோமீட்டரில் சடாரென்று நின்று மார்பைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"நெஞ்சு எரியுது. கால்ல ஏதோ ஊத்தின மாதிரி கனக்குது. டாக்டரைக் கூப்பிடு."

பிலோமினா அவள் நாடியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். பிறகு சாலையில் குந்தி உட்கார்ந்து சிரித்தாள்.

"இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? இதுக்குப் பேரு களைப்பு."

"இதுவா? தினமுமா?"

"ஞாயித்துக்கெழம லீவு."

தாரகா பக்கத்தில் உட்கார்ந்தாள். சாக்கடைப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"அந்த ஹாரன். வேணும்னே செஞ்சியா?"

"இல்ல. ஆனா அக்கா அத எடுக்கறப்பவே பாத்துட்டேன். கத்தியிருக்கலாம். ஒரு செகண்டு கத்தல," என்றாள். "அத நீ வேற யார் வாயிலயும் கேக்க வாணாம்."

படகுகள் வரத் தொடங்கியிருந்தன. தாரகா அவற்றைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன் வயசு இருபத்தெட்டுன்னு போன வாரந்தான் எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமா உன் மூச்சை விட்டுட்டிருக்கேன். ஒரு நாள்கூடக் கேக்கல." எழுந்து கை நீட்டினாள். "நீ ஒரு செகண்டு. நான் ரெண்டு வருஷம். போலாமா?"

உரிமம் ஆறு வாரத்தில் வந்தது. மாஸ்டர் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, சட்டம் போட்டு மாட்டினார். ஆனால் முதல் சண்டைக்கு ஆள் கிடைக்கவில்லை. தாரகாவின் பதினொரு வெற்றியும் எந்த உடம்பில் இருந்து வந்தது என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. புதிதாக வந்தவளிடம் அடி வாங்கிப் பெயரைக் கெடுத்துக்கொள்ள எவளும் தயாரில்லை.

"நான் வரேன்," என்றாள் தாரகா. அதற்குள் அவள் தினமும் வந்து ஓடி, வாந்தி எடுப்பதை நிறுத்தியிருந்தாள். நாலு மாதம் கழித்து ஒரு தேதி குறித்தார்கள். அதுவரை ஒரே கொட்டகையில்தான் இருவருக்கும் பயிற்சி. எதிராளிகள் ஒன்றாகப் பயிற்சி எடுப்பது உலகத்தில் எங்கும் இல்லை என்றாள் வெண்ணிலா. அவள் இப்போது கம்பெனியில் இல்லை, கொட்டகையில் பந்தைத் தூக்கிப் போடுகிறாள். "எங்கயும் இல்லன்னா இங்க இருக்கட்டும்," என்றார் மாஸ்டர்.

ஒரு மாலை இருவரும் மேடையில் பழகிக்கொண்டிருந்தார்கள். சண்டையே நகராது. இவள் குத்துவதற்கு முன் அவள் நகர்ந்திருப்பாள், அவள் நகர்வதற்கு முன் இவள் அங்கே காத்திருப்பாள்.

"கண்ணாடிய பாத்து அட்ச்சிகினு கீற மாரி இருக்குது," என்று வாசலில் இருந்து ரெஜினாக்கா சலித்துக்கொண்டாள். "எவளாச்சும் ஒருத்தி எதையாச்சும் புச்சா செய்யுங்கடி."

அப்போதுதான் துறைமுகத்துக்குள் நுழைந்த விசைப்படகு ஒன்று ஹாரன் அடித்தது.

"ப்பாம்ம்."

பிலோமினாவின் கைகள் தொடைக்கு இறங்கின. வாய் தண்ணீருக்குத் திறந்தது. எதிரே தாரகாவின் கைகள் இரண்டும் கன்னத்திலேயே இருந்தன. ஒரு மயிரிழை அசையவில்லை. அவள் ஒரு அடி முன்னால் வந்து, கையுறை நுனியால் பிலோமினாவின் மூக்கை மெல்லத் தொட்டாள்.

"இது உன் சட்டையில இருந்து வரல," என்றாள் தாரகா. முகம் முழுக்கச் சிரிப்பு. "இது நானா கத்துக்கிட்டது."

பிலோமினா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். சண்டை நாளில் அந்த நாற்பது பேரும் வருவார்கள். இந்த முறை நிஜமாகவே அவளுக்காக வருவார்கள். ரெஜினாக்காவிடம் எத்தனை சத்தியம் வாங்கினாலும் நம்ப முடியாது.

"மாஸ்டர்," என்றாள். "அலமாரிய தொறங்க. யக்கா, மீன அப்பறம் வெட்லாம், அந்த ஹாரன எட்த்துகினு வா. நான் கைய எறக்கறத நிறுத்தற வரிக்கும் அட்ச்சிகினே இரு."

ரெஜினாக்கா கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள்.